காவிக்கு முன்னால் ஒரு கறுப்பு பேன்ட்

சாமியாராகக் காத்திருப்பதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, நிரந்தரம் ஆகுமா என்று கேட்டால் மலையைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு சின்ன மடத்தில் நான் வெள்ளை வேட்டிக்காரன். அதாவது, இன்னும் காவி வாங்காதவன். தைப்பூசத்தன்று தீட்சை என்று பெரிய சாமி சொல்லியிருந்தார். எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெற்ற தாய் வந்து, எல்லோர் முன்னாலும் மூன்று முறை "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் காவி இல்லை. அப்பா போன பிறகு எனக்கு அம்மா மட்டும்தான். கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறாள்.

என் தாத்தா சொன்ன கதைகளில் ராஜா காட்டுக்குப் போனால் போனதுதான். ஒருவேளை திரும்பி வர வேண்டியிருந்தால் என்று எந்த ராஜாவும் யோசித்ததாகத் தாத்தா சொன்னதில்லை. நான் யோசித்தேன். விட்டுவிடப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, சாவியை மட்டும் இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

பெட்டிக்கு அடியில்

மடத்தில் சேர்ந்த அன்று பழைய துணியையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்கள். கொடுத்தேன். ஒரு கறுப்பு பேன்ட்டை மட்டும் கொடுக்கவில்லை. இன்டர்வியூவுக்கென்று ஆரணியில் துணி எடுத்துத் தைத்தது, ஒரு முறைகூடப் போட்டதில்லை. பெட்டிக்குள் அடியில் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன்.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயந்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் காயப்போட்டேன். மடத்துச் சமையல்காரர் கோவிந்தண்ணன் விறகு எடுக்க வந்தவர், கொடியில் இருந்த வெள்ளை வேட்டிகளுக்கு நடுவில் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பெரிய சாமியிடம் போட்டுக் கொடுக்கவில்லை. இவ்வளவுதான் சொன்னார்: "பெல்ட்டு ஒண்ணுதான் பாக்கி தம்பி, அதையும் வாங்கிக்க."

வேங்கிக்கால் வகுப்பு

ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறி வாங்கும் வேலை என்னுடையது. மார்க்கெட்டை வேகமாக முடித்துவிட்டு, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடக்கும் குரூப் ஃபோர் பரீட்சை வகுப்புக்குப் போய்விடுவேன். நெற்றியில் விபூதி, காலடியில் கத்திரிக்காய் மூட்டை. கடைசி பெஞ்சில் உட்காருவேன்.

முதலில் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். ஒரு பையன் பேனாவை நீட்டி ஆசீர்வாதம் பண்ணச் சொன்னான். மாதிரித் தேர்வில் நான் அவர்களைவிட ஜாஸ்தி மார்க் வாங்கியதும் மரியாதை கம்மியாகிவிட்டது. இரண்டு முறை எழுதித் தோற்றிருந்த ஒரு அக்கா, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவர், திரும்பி உட்கார்ந்து கேட்டார்: "எங்களுக்காக வேண்டிக்க வேண்டிய சாமியே எங்ககூடப் போட்டிக்கு வந்துட்டா, நாங்க யார்கிட்டங்க போறது?"

சாம்பார் சாத வரிசை

இது நான் செய்த ஏற்பாடு இல்லை, அம்மா செய்தது. தாய்மாமன் மகள் செல்வியை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். நான் மடத்துக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சை அம்மா முறிக்கவில்லை. "அவன் வந்தாலும் வந்துடுவான்" என்று தம்பியிடம், அதாவது என் மாமாவிடம், சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா பேச்சைத் தட்டாத மாமாவும் வருகிற வரன்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பது வசதியாக இருந்தது.

ஒரு பௌர்ணமியன்று மடத்து வாசலில் அன்னதானம். கூட்டம் தள்ளுகிறது. தொன்னையை நீட்டிய கையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் செல்வி. மலை சுற்றி வந்த கால், செருப்பில்லை. செய்யாறிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறதாம், பையன் பேங்க்கில் வேலையாம், அப்பா இன்னும் பதில் சொல்லவில்லையாம். பின்னால் நின்றவர்கள் "நகரும்மா" என்று கத்தினார்கள். அவள் நகரவில்லை. "சாமி உன்ன வேணாம்னா நான் வேணும், சாமி உன்ன எடுத்துக்கிச்சுன்னா நான் வேணாம். எத்தினி நாளைக்கு மாமா நான் வண்டிக்குப் பின்னாடி ஸ்டெப்னியா தொங்கிட்டிருக்கிறது?"

கண்டக்டர்

எங்கள் மதிலோரம் ஒரு சாது படுத்திருப்பார். யாரிடமும் பேச மாட்டார், சோறு வாங்கினால் தலையசைப்பார். மார்கழிக் குளிரில் ஒருநாள் காலை எழுந்திருக்கவில்லை. உறவு என்று யாரும் இல்லை. மடத்திலேயே சமாதி வைப்பது என்று முடிவானது. விறைத்துப்போன உடம்பைச் சம்மணம் போட வைத்து, குழிக்குள் உட்கார்த்தி, விபூதியும் உப்பும் கொட்டி முடிக்கிறவரை முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலை எனக்கு.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் கோவிந்தண்ணன் அவருடைய மூட்டையை அவிழ்த்தார். திருவோடு, கிழிந்த போர்வை. அடியில், செய்தித்தாளில் சுற்றி, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை ஒன்று. அதன் பையில் ஒரு கண்டக்டர் விசில். காகிதம் பழுப்பேறித் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. கோவிந்தண்ணன் விசிலை வேட்டியில் துடைத்துக் குழியோரம் வைத்தார். "எந்த பஸ்ஸு எப்ப எடுப்பாங்கன்னு கடைசி வரைக்கும் பாத்துட்டே இருந்திருக்கான், பாவி."

போன்

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். அதே மாதிரி செய்தித்தாள், அதே மாதிரி மடிப்பு. பேன்ட்டைக் கொண்டுவந்து காக்கிச் சட்டையோடு சேர்த்துக் குழியில் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காய்கறியோடு நேராக மடத்துக்கே திரும்பினேன்.

அதற்கு முன், சமாதி வைத்த அன்று சாயங்காலமே மாமாவைப் போனில் கூப்பிட்டேன். செய்யாறுக்குச் சரி சொல்லிவிடுங்கள், நான் வரமாட்டேன் என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் போய்ப் பம்பு செட்டை நிறுத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "சரி விடு. இனிமே உன்ன மாப்ளன்னு கூப்பிட முடியாது, அதான் என்னவோபோல இருக்குது."

தைப்பூசம்

அம்மா வந்த பஸ் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஏற்கெனவே போனில் ஒத்துக்கொண்டவள்தானே என்று சடங்கை ஆரம்பித்துவிட்டார்கள். மொட்டை அடித்தார்கள். துறவுக்கு முன்னால் தனக்குத் தானே பிண்டம் வைக்க வேண்டும். என் பெயரைச் சொல்லி, என் கையாலேயே எள்ளும் தண்ணீரும் விட்டேன். முறைப்படி நான் செத்தாயிற்று. காவி தாம்பாளத்தில் இருந்தது.

அம்மா வந்தாள். மொட்டைத் தலையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய சாமி கேட்டார், "சம்மதமா?" அம்மா சொன்னாள், "சம்மதம்." இரண்டாம் முறையும் சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது தாம்பாளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். முந்தின வாரம்தான் செல்விக்கு நிச்சயம் முடிந்திருந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்கோங்க சாமி. அந்தப் பொண்ணு இருக்குறா, எப்படியும் திரும்பி வந்துடுவான்னுதான் அன்னிக்கு ஒத்துக்கிட்டேன். இப்ப இவனுக்குத் திரும்பி வர ஒரு வாசப்படியும் இல்லயே, எந்த தைரியத்துல அனுப்புவேன்?"

ஆக, சாவியை முடிந்து வைத்திருந்தவரைக்கும் எனக்குத் தீட்சைக்கு வழி இருந்தது. எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் போய் நின்ற அன்றைக்குத்தான் தகுதி போயிற்று.