உம்மா மறைத்த சுவர்

எனக்கு எழுத்து தெரியாது, முகம் தெரியும். போன வாரம் பாரிசிலிருந்து பேத்தி போனில் அனுப்பிய பழைய போட்டோவைப் பார்த்ததும், “அடியே, இது எங்க தெருடீ!” என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. வழியட்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை எடுத்தவர், பிரான்சில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்துக் கோவில்பத்துப் பையன். லீவுக்கு வந்தவர், கூலிக்காரர் தெருக்களைப் படம் பிடிக்கிறேன் என்றார். எங்கள் தெரு ஆண்கள் முக்கால்வாசிப் பேர் சிங்கப்பூரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். போட்டோ என்றால் எங்களுக்குச் கடல் தாண்டிச் சபருக்குப் போன புருஷனுக்கு அனுப்புவதுதான், வேறு எதற்கு எடுப்பார்கள்? அரை மணியில் தெருவே மாறிவிட்டது. கொடியில் கிடந்த கிழிசலெல்லாம் வீட்டுக்குள் போனது, ஆடுகள் கொல்லைக்குப் போயின.

“அய்யோ, இருந்தது இருந்தபடியே இருக்கட்டுங்க!” என்று கெஞ்சினார் அவர்.

“நல்லாருக்கே! ஒங்க ஊட்டையும் இப்படித்தான் எடுப்பீங்களா தம்பி?” என்றாள் எதிர்வீட்டு மாமி, கதவுக்குப் பின்னாலிருந்து.

உம்மா மட்டும் பெட்டியைத் திறந்து சேலை தேடினாள். ஐப்பசி மழையில் எங்கள் முன்சுவர் விழுந்திருந்தது. வாப்பாவுக்கு எழுதச் சொன்ன கடிதத்தில் அதை அவள் சொல்லவில்லை. தெரிந்தால் வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறிவிடுவாராம். இடிந்த இடத்தில் ஒரு சேலையைக் கட்டி, அது பறக்காமலிருக்க ஓரத்தை என் கையில் கொடுத்தாள்.

“அசைஞ்சே, கால ஒடிச்சிருவேன்.”

ஆனால் என் முகம் தெரிய வேண்டாமா? வாப்பா போனபோது நான் தொட்டிலில் கிடந்தவள். போட்டோக்காரர் அமுக்கும் நேரம் பார்த்து நடுத்தெருவுக்கு ஓடிவிட்டேன். சேலை பறந்தது, சுவர் பல்லைக் காட்டியது.

முதுகில் நாலு விழுந்தது. போட்டோ வாப்பா கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், அதற்குப் பிறகு தபால்காரர் தலையைக் கண்டாலே உம்மாவுக்குச் சோறு இறங்காது. ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது, தெருமுனை வாத்தியார் படித்தார். நலம், நலமறிய ஆவல், பிள்ளைக்கு முத்தம். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“இன்னொரு வாட்டி வாசிங்க” என்றாள் உம்மா. மறுபடியும் இல்லை.

“பாத்துட்டாரு,” என்றாள் மெதுவாக. “நான் வெக்கப்படுவேன்னு கேக்காம உட்டுட்டாரு.”

அந்தப் போட்டோ பிரான்சிலேயே ஒரு பெட்டிக்குள் கிடந்தது என்று பேத்தி விசாரித்துச் சொன்னது போன வாரம்தான். வாப்பா அதைக் கண்டதே இல்லை. அவர் ஊர் திரும்பியபோது சுவர் எழும்பியிருந்தது, அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மௌத்தாகும்வரை உம்மா அந்த மனுஷரைத் தலையில் வைத்துக் கொண்டாடினாள்.

கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். வாப்பா திட்டவில்லை, தப்பித்தோம். தப்பித்த பிறகும் அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உம்மா ஏன் அப்படித் தேம்பித் தேம்பி அழுகிறாள் என்றுதான் விளங்கவில்லை.