சந்தன நிறத்துக்குள் ஒளிந்திருந்த திட்டுகள்

எங்கள் டாஷண்ட் இனப் பெண் நாய்க்குச் சாம்பல் நிற உடம்பு. அதில் மை தெறித்தாற்போலக் கறுப்புத் திட்டுகள். அதற்கு ஜோடி தேடியபோதே மருத்துவர் எச்சரித்திருந்தார்.

"திட்டு நாயோட திட்டு நாயைச் சேக்காதீங்க சார். அந்தக் குணம் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்துட்டா குட்டி வெள்ளையாப் பொறக்கும். காது கேக்காது. கண்ணும் போகலாம்."

அதனால்தான் ஒக்கலிபுரத்தில் ஓர் அக்கா வளர்த்த, திட்டே இல்லாத சந்தன நிற ஆண் நாயைத் தேர்ந்தெடுத்தேன்.

நாய் சினையாகி ஐந்து வாரம் இருக்கும். அந்த அக்கா தன் நாயுடைய தாயின் படத்தைப் பெருமையாக அனுப்பினார். தாயின் உடம்பெல்லாம் திட்டு.

மருத்துவரிடம் ஓடினேன். "வெளுத்த நிறத்துல திட்டு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாம போயிடும் சார். தாய்கிட்டேர்ந்து அதுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தா, நாலுல ஒரு குட்டிக்கு ஆபத்து."

வைட்ஃபீல்டுக்குப் போகும் அலுவலக பஸ்ஸில் தினமும் காகிதத்தில் நாலு கட்டம் போட்டு, எந்தக் குட்டிக்கு எது வரும் என்று பார்த்தேன். எப்படிப் போட்டாலும் ஒரு கட்டத்தில் இரண்டு பக்கத்துத் திட்டுகளும் வந்து சேர்ந்தன. நாயின் வயிற்றைத் தடவிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். ஒருநாள் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் மூன்று குட்டிகள் நல்லபடியாகப் பிறந்தன. நான்காவது முழு வெள்ளை.

இரண்டு வாரத்தில் குட்டிகள் கண் திறந்தன. வெள்ளைக் குட்டிக்குப் பார்வை இருந்தது. மூன்றாம் வாரம் அதன் பின்னால் தட்டைத் தட்டினேன். மற்றவை துள்ளி எழுந்தன. அது அசையவில்லை. மறுபடியும் மறுபடியும் தட்டினேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க. அது தூங்கட்டும்."

அக்காவிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் போனேன். சண்டைக்கு வருவார் என்று பயந்திருந்தேன். அவரோ நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு முன்னாடி ஒரு வீட்டுத் திட்டு நாயோடயும் இவனைச் சேத்தேன், தம்பி. ஒரு வெள்ளைக் குட்டி கூப்பிட்டா திரும்பலைன்னாங்க. திமிருன்னு நெனச்சேன்."

என் முன்னாலேயே அந்த வீட்டுக்குப் போன் செய்தார். அது திமிர் இல்லை, அந்தக் குட்டிக்குக் காது கேட்காது என்று சொன்னார். இரண்டு நாய்களுக்கும் கருத்தடை செய்துவிட்டோம்.

வெள்ளைக் குட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. தரையைக் காலால் தட்டினால் எழுந்து வரும். தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தால் அதற்குத் தெரியாது. வாசல் கதவைச் சாத்தினோமா என்று நான் இன்றும் மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன்.