முப்பதாம் பக்கத்துக்கு அப்புறம்

புத்தகக் கடையில் அவருக்கு வைத்தியர் என்று பெயர். முதலாளி வைத்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே, வருகிறவருக்கு என்ன புத்தகம் என்று முடிவு செய்துவிடுவார். கடைசியாக எதைப் பாதியில் மூடி வைத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்பார், நாடி பிடிக்கிற மாதிரி. பதில் வந்ததும் அலமாரிக்குப் போய் ஒன்றை உருவிக்கொண்டு வருவார். வாங்கியவர்கள் திரும்ப வந்து, நீங்கள் கொடுத்தது அருமை என்பார்கள். அவருக்குத் தலைகால் புரியாது.

இத்தனைக்கும் அவர் ஒரு புத்தகத்தையும் முழுதாகப் படித்ததில்லை.

முதலாளியின் சட்டம் அப்படி. விற்காத புத்தகத்தை வேலையாட்கள் படிக்கலாம். முதுகில் மடிப்பு மட்டும் விழக்கூடாது. மடிப்பு விழுந்தால் படித்தவரே வாங்கிக்கொள்ள வேண்டும். முதுகு மடியாமல் விரித்தால் முன்னால் ஒரு முப்பது பக்கம் தேறும். பின்னாலும் அதே அளவு தேறும்தான். ஆனால் ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரன் யாரென்று வாய் தவறிச் சொல்லி, கைக்கு வந்த வியாபாரத்தைக் கெடுத்ததிலிருந்து அவர் பின்பக்கத்தைத் தொடுவதில்லை. ஆக, கடையில் இருக்கிற எல்லாக் கதைகளும் அவருக்குத் தொடங்கத் தெரியும். எது எங்கே போய் நிற்கும் என்று கேட்டால் அம்பேல்.

வீட்டில் மட்டும் இந்தக் குட்டு எப்போதோ உடைந்துவிட்டது. சாப்பிடும்போது மனைவியிடம் கதை சொல்வார். அவள் "அப்புறம்?" என்பாள். இவர் தண்ணீர் குடிப்பார். "அப்புறம்னு கேட்டாலே உங்களுக்குத் தாகம் எடுத்துடுதே" என்று சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

கடைக்கு அடிக்கடி வருகிறவர்களில் ஒரு தையல்காரப் பெண் உண்டு. தோளில் எப்போதும் ஒரு நூல் துண்டு ஒட்டியிருக்கும். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்குத் தினமும் மாலையில் உரக்கப் படித்துக் காட்டுவதற்காகப் புத்தகம் வாங்குவாள். ஒருநாள் அலமாரிகளுக்கு நடுவே நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, தம்பி போன வருஷம் தண்ணீரில் போய்விட்டான் என்றாள். அப்பாவுக்கு நீச்சல் தெரியும். அன்றைக்குக் கரையில்தான் இருந்தாராம்.

"சிரிப்பா இருக்கணும் சார். சாவு மட்டும் இருக்கக்கூடாது. நீங்க முழுசாப் படிச்சதா பாத்துக் கொடுங்க."

வைத்தியர் ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தார். ஒரு குடும்பம் வீடு மாறுகிறது. பீரோ மாடிப்படியில் சிக்கிக்கொள்கிறது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். அதைப் படித்த அன்று அவர் நின்ற இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்திருந்தார்.

"கரைச்சுக் குடிச்சிருக்கேம்மா. தைரியமாக் கொண்டு போங்க" என்றார்.

அடுத்த வாரமே அவள் வந்துவிட்டாள். கையில் அதே புத்தகம். பீரோவுக்கு அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். ஆனால் புது வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது. பாதிக் கதையில் வீட்டுப் பையன் அதில் இறங்குகிறான். வரப்போவது கண்ணில் பட்டதும் அவள் சட்டென்று படிப்பதை விட்டுவிட்டு, தானாக இட்டுக்கட்டிச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். ஒரு மீனவர் அவனைத் தூக்கிப் படகில் போட்டுவிட்டார் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறாள்.

வைத்தியர் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றார். அவள் திட்டவில்லை. அதுதான் வினை.

"உங்க மேல தப்பு இல்ல சார். எத்தனையோ படிக்கிறீங்க, ஒண்ணு மறந்திருக்கும். இப்போ நீங்கதான் உதவணும். அந்தப் பையன் சாகலைன்னா மிச்சக் கதை எப்படிப் போகும்? இன்னைக்கு அப்பா கேப்பாரு."

மறந்துவிட்டேன் என்று தலையாட்டினால் போதும். அவளே வழி செய்து கொடுத்துவிட்டாள். ஆனால் வாய்வரை வந்த பொய்யை அவரால் சொல்ல முடியவில்லை.

"நான் முப்பது பக்கம்தாம்மா படிச்சேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், இதற்கு முன்னால் கொடுத்தவை என்று இழுத்தாள். அவையும்தான் என்றார். கல்லாவில் இருந்த முதலாளி காதில் விழாதவர் மாதிரி பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது வைத்தியருக்கு.

"தம்பி விஷயத்தை வெளியில யாருக்கும் சொன்னதில்ல சார். உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

பிறகு அவளே அலமாரிக்குப் போய், ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசிப் பக்கங்களை மட்டும் படித்தாள். இவர் பக்கத்தில் போகத் துணியாமல் தள்ளியே நின்றார். வெகுநேரம் கழித்து ஒரு புத்தகத்தோடு வந்தாள்.

"முடிவு நல்லா இருக்கு. முன்பக்கம் உங்களுக்குத் தெரியும். நடுவுல என்ன இருக்குன்னு பாத்து வைங்க. வர்றேன்" என்றாள்.

நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம். வைத்தியர் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனார். நடுப்பக்கத்தில் விரித்தபோது முதுகு சடக்கென்றது, பழக்கதோஷத்தில் திடுக்கிட்டார். என்ன, முப்பதைத் தாண்டிவிட்டீர்களா என்று மனைவி எட்டிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேலி செய்யாமல் போய்விட்டாள். அவர் ஒரு வரி விடாமல் படித்தார். இத்தனை வருஷமாக யார் யாரிடம் கரைத்துக் குடித்ததாகச் சொன்னோம் என்று ஒவ்வொரு முகமாக நடுவில் வந்து நின்றது.

அவள் மறுபடி வந்தபோது ஏரிக் கதையை எப்படி முடித்தாள் என்று கேட்க அவருக்குத் தயக்கமாக இருந்தது. அவளே சொன்னாள்.

"பையனைக் கரை சேத்துட்டேன் சார். புத்தகத்துல அப்படி இல்ல, இல்லையான்னு அப்பா கேட்டாரு. நான் பக்கத்தைத் திருப்பினேன். பரவாயில்ல, அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு."

வைத்தியர் தலை நிமிரவில்லை. புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதுல சாவு இல்லம்மா. ஆனா தொலைஞ்சுபோன பையன் ஒருத்தன் பாதியில வீட்டுக்குத் திரும்பி வர்றான். அதை அவர் தாங்குவாரான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் எடுத்துத் திருப்பினாள். முதுகில் விழுந்திருந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"படிச்சிருக்கீங்க" என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு அந்த ஒரு சொல்லில் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.