விரிசலுக்குப் பூசிய ரோஜா நிறம்

திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊருக்குக் கிழக்கே கல் குவாரி வந்தது. தினமும் மத்தியானம் சங்கு ஊதுவார்கள், வெடி வைப்பார்கள். அதன் வேகத்தை அளக்க நம்மிடம் கருவியா இருக்கிறது? நானே ஒரு நோட்டுப் போட்டேன். நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுகிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். குவாரி வேலியிலிருந்து தப்படி போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். முந்நூறில் மோட்டார் கொட்டகை: ஓடு பறந்தது. எழுநூறில் என் வீடு: சாம்பாரில் காரை விழுந்தது, உள்ளறைச் சுவரில் விரல் நுழையும் விரிசல். ஆயிரத்து ஐந்நூறில் டீக்கடை: டம்ளர்கள் தானாக நகர்ந்தன. அதற்கப்பால் பிள்ளையார் கோயில்: மணி லேசாக ஆடியது, அதைப் பார்த்து இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

எனக்கு அந்த உள்ளறைதான் கவலை. மகளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இங்கேதான் வரவேண்டும், அந்தச் சுவரோரம்தான் தூளி கட்டவேண்டும். வீடுகளுக்கு இத்தனை பக்கத்தில் வெடி வைக்கக்கூடாது என்று விழுப்புரத்துக்கு நடையாய் நடந்து மனு கொடுத்தேன். ஒருவழியாக, சேதத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அன்று காலையில் நோட்டை ஜெராக்ஸ் எடுக்கத் திண்டிவனம் ஓடினேன். கடையில் கரண்ட் வருவதற்கே மத்தியானமாகிவிட்டது.

திரும்பி வந்தால் வாசலில் ஜீப் நிற்கிறது. தெருவே பளபளக்கிறது, வீட்டுக்கு வீடு கோலம். உள்ளே போனால், உள்ளறை விரிசலில் சிமெண்ட் அடைத்து, மேலே ரோஜா நிறத்தில் பெயிண்ட்!

"இன்னாடி இது?" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தேன்.

"வெளி மனுசங்க வர்றாங்க, ஓட்டை சுவத்தையா காட்டுறது? தெருவே பூசிக்கினு கெடக்குது, நம்ம வூடு மட்டும் அசிங்கமா நிக்கணுமா?"

அதிகாரி சுவரைத் தொட்டார், விரலில் ரோஜா நிறம் ஒட்டியது.

"உள்ள விரிசல் இருக்குது சார், நேத்து வரைக்கும் விரல் போச்சு" என்று கெஞ்சினேன்.

"பெரியவரே, கண்ணுல பட்டதத்தான் நான் எழுத முடியும்" என்றார். நோட்டை நீட்டினேன். சாம்பாரில் காரை என்ற வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். மனைவி கொடுத்த கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று பார்த்துக் குவாரியில் சங்கே ஊதவில்லை. சேதம் ஏதுமில்லை, வீடு நல்ல பராமரிப்பில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் சங்கு ஊதியது. வெடித்தது. ரோஜா நிறம் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. ஒரு விரல் போன இடத்தில் இப்போது இரண்டு போயிற்று. அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, ரூமுக்கு பெயிண்ட்லாம் அடிச்சிட்டீங்களாமே, அம்மா சொல்லிச்சு. ஞாயித்துக்கெழம வந்துர்றேன்."

"வேணாம்மா. நீ மாமியார் வூட்லயே இரு, உங்கம்மாவ அங்க அனுப்பி வைக்கிறேன்."

"சரிப்பா" என்றாள்.

போனை வைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். எழுநூறு தப்படிக்கு நேராக, மகள் வரவில்லை என்று எழுதினேன்.