எட்டாவது கம்பம்

உங்கள் வீட்டு வாசலுக்கு நேரே நிற்கும் விளக்குக் கம்பத்தின் அடிப்பெட்டிக்கு மூடி இருக்கிறதா? உடனே சொல்ல முடிகிறதா உங்களால்?

கம்பக்காரரால் முடியும். தெருவிளக்குப் பழுது பார்ப்பது அவர் வேலை. அதனால் குடியிருப்பில் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடப்பது அவருக்குப் பிடிக்காது. ரயில் மேம்பாலத்தில் நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவார்கள். மழை பெய்தால் நூலகத்தில் படப்புத்தகம். பெரிய கடையின் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கி, காவலாளி முறைப்பதற்குள் வெளியே ஓடிவருவார்கள். கூடப் போவது இரண்டு பேர்: அவர் மகள் வாலு, பக்கத்து வீட்டுப் பையன் புயல். புயலின் அம்மாவுக்கு ஞாயிறும் சலவைக்கூடத்தில் வேலை உண்டு.

எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்குப் பிடித்தது கம்ப ஓட்டம். பூங்காவைச் சுற்றிப் பன்னிரண்டு கம்பங்கள். ஒவ்வொன்றையும் தொட்டு, எண்ணைக் கத்திவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். விளையாட்டைக் கண்டுபிடித்தவர் கம்பக்காரர்தான்.

ஒரு ஞாயிறு. முந்தின நாள் மழை பெய்திருந்தது. புயல் முன்னால் ஓடினான்.

"ஏழு! மாமா, உங்க பொண்ணு ஆமை!"

"போடா, உனக்கு மூச்சு வாங்குது!" என்று வாலு பின்னாலிருந்து கத்தினாள்.

எட்டு என்ற எண் மட்டும் வரவில்லை.

பூங்காவைப் பூட்டினார்கள். ஒரே மாதத்தில் அங்கே பேய் குடியேறிவிட்டது. நட்டநடுப் பகலில் ஊஞ்சல் தானாக ஆடுகிறதாம். பேய்க்கதையைப் பரப்பியவர்களில் கம்பக்காரரின் மேலதிகாரியும் ஒருவர். ஏன் பரப்ப மாட்டார்? புயலைப் பேய்தான் கொன்றது என்றால் மூடி வாங்காதவனை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

கம்பக்காரர் ஒரு மதியம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். ஊஞ்சல் ஆடியது. எதிரெதிரே இரண்டு உயர்ந்த கட்டடங்கள். நடுவே காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான். தெளிவாகப் புரிந்தது. ஆனாலும் வீடு திரும்பும்போது வழியெல்லாம் கம்பங்களை எண்ணினார். ஏழுக்குப் பிறகு நாக்கு எழவில்லை. மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு ஏழாவது கம்பத்துக்கு அப்பாலும் ஒரு சின்னக் கை நீண்டுகொண்டே இருந்தது.

ஒருநாள் மாலை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த புயலின் அம்மா சொன்னாள்: "பேயிருக்கிற இடமாம்ண்ணா. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, பெத்தவ எனக்குத் தெரியல. அன்னைக்கு நான் அவனை அனுப்பியிருக்கக் கூடாது."

அவள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டதை அவரால் தாங்க முடியவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து மூன்று தாள்களைக் கொண்டுவந்தார். அவர் கொடுத்த புகார்களின் நகல்கள்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'பூங்கா, எட்டாவது கம்பம். மூடி இல்லை. கம்பி வெளியே தெரிகிறது. உயிருக்கு ஆபத்து.'

நிமிர்ந்தாள். "தெரிஞ்சுமாண்ணா எம்புள்ளைய அங்க கூட்டிட்டுப் போனீங்க?"

கம்பக்காரர் கடைசித் தாளைக் காட்டினார்.

"மூணாவது தாளோட அடியில பாரும்மா."

'மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று மேலதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். துண்டிக்க யாரையும் அனுப்பவே இல்லை.

"எங்க வேலையில காகிதத்த நம்பக் கூடாது. இணைப்பு இல்லைன்னு எவன் சொன்னாலும், சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கம்பத்துல கை வைப்போம். இருபது வருஷமா அப்படித்தான். அன்னைக்கு லீவு. பையில டெஸ்டர் இல்ல. துண்டிச்சாச்சுன்னு எழுதியிருக்கே, போதும்னு நம்பிட்டேன்."

அவள் அந்தக் கையெழுத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போனா உங்க வேலை போயிடுமே?"

"போகட்டும்மா."

"உங்களை நான் மன்னிக்கல."

"வேணாம்மா."

மறுநாள், புயலின் சாவை விசாரிக்கும் அதிகாரியின் மேஜையில் அவள் அந்தத் தாள்களை வைத்தாள். அவர் படித்துவிட்டு, "ஊர்ல பேய்னு பேசிக்கிறாங்களேம்மா" என்றார்.

"பேய் கையெழுத்துப் போடுமாங்க?" என்று கேட்டாள்.

அலுவலக ரகசியத்தை வெளியிட்டதாகக் கம்பக்காரரை இடைநீக்கம் செய்தார்கள். கையெழுத்துப் போட்டவர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார். பூங்காவின் பூட்டும் அப்படியே தொங்குகிறது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பக்காரரும் வாலுவும் வெளியே போகிறார்கள். கம்பத்துக்கு நாலடி தள்ளி நின்று பார்ப்பார்கள். மூடி இல்லாவிட்டால் வாலு நோட்டில் குறித்துக்கொள்வாள். சில வாரங்களாகப் புயலின் அம்மாவும் கூட வருகிறாள். அவரோடு பேசுவதில்லை, சிறுமியின் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறாள். எண்ணுவது வாலுதான். எட்டு வரும்போது மூவரும் ஒரு கணம் நின்று, பிறகு நடக்கிறார்கள்.

இந்த ஞாயிறு உங்கள் பிள்ளைகளோடு நீங்களும் தெருவில் இறங்குங்கள். எதையும் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். தள்ளி நின்று பாருங்கள். மூடியில்லாத பெட்டி ஒன்று கண்ணில் பட்டாலும் எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்துவிட்டோம் என்று பதில் வந்தால், நம்பிவிடாதீர்கள். திரும்பப் போய்ப் பாருங்கள்.