இலவசம் என்று எழுதிய வண்டி

முதல் ஷிப்ட் ஆட்களைச் சுரங்க வாசலில் இறக்கிவிட்டதும் குழந்தைவேல் செய்கிற முதல் வேலை, வேனின் பக்கவாட்டைத் துடைப்பது. முன்கண்ணாடியில் நிலக்கரித் தூசி படிந்திருந்தாலும் பரவாயில்லை. பக்கவாட்டு எழுத்துகள் பளிச்சென்று தெரிய வேண்டும். 'சிறுநீரக நோயாளிகளுக்கு இலவச சேவை. குழந்தைவேல் டிராவல்ஸ், வடக்குத்து.' மஞ்சள் பட்டையில் சிவப்பு எழுத்து. அதன் கீழே முழ நீளத்துக்குத் தொலைபேசி எண்.

மதிய ஷிப்ட் வரை வேன் சும்மா நிற்கும். அந்த நேரத்தில், வாரம் இருமுறை, டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களைக் கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய்க் கொண்டுவந்து விடுகிறார். காசு வாங்குவதில்லை. புண்ணியவான் என்று யாராவது கும்பிட்டால்தான் அவருக்குக் கூச்சம். "அதெல்லாம் இல்லீங்க. தருமமும் பண்றேன், யாவாரமும் பண்றேன். ரெண்டுக்கும் ஒரே டீசல்தான்" என்பார்.

பொய்யில்லை. இந்த எழுத்து ஏறிய பிறகுதான் டவுன்ஷிப் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களும் கல்யாணச் சவாரிகளும் அவரைத் தேடி வந்தன. அதற்குக் காரணமும் வைத்திருக்கிறார்: "சீக்காளிங்கள ஏத்திக்கினு போற வண்டி நடுரோட்ல நிக்காது, டிரைவர் குடிச்சிருக்க மாட்டான்னு ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கைங்க." அடிக்கடி முதலாளி மாற்றிக்கொண்டிருந்த டிரைவர் ஜெயப்பிரகாஷ்கூட இப்போது அவரிடமே நிலைத்துவிட்டார். குழந்தைவேலுக்கு முடியாத நாளில் அவர்தான் ஓட்டுகிறார். நோயாளிகள் வீட்டில் அவருக்குக் காப்பி காத்திருக்கும்.

சிவப்பிரகாசம் என்கிற பயணி மட்டும் வீட்டு வாசலில் ஏறமாட்டார். மெயின் ரோடு வரை நடந்துவந்து ஏறுவார். திரும்பும்போதும் அங்கேயே இறங்கிக்கொள்வார். கேட்டால், "காலுக்கு நல்லதுங்க" என்பார். ஒருநாள் மதியம் அப்படி இறங்கியவர், கொஞ்ச தூரம் போவதற்குள் தலைசுற்றி, மின்கம்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். குழந்தைவேல் ஓடிப்போய்த் தாங்கினார்.

"வூடு வரைக்கும் வண்டி வராதா? வறட்டுக் கௌரவம் எதுக்குங்க?"

"வண்டி வர்லாங்க. அது மேல இருக்கற எழுத்து வரக்கூடாது" என்றார் சிவப்பிரகாசம். அவர் மனைவி பட்டம்மாள் வீட்டில் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்கிறார். குடும்பம் ஓடுவது அதில்தான். "சீக்காளி வூட்டு மாவுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? அந்த எழுத்து ஒங்களுக்கு யாவாரம் குடுக்குது. எங்க யாவாரத்த எடுத்துடும்ங்க."

குழந்தைவேலுக்குச் சுருக்கென்றது. ஓசியில் ஏற்றிப்போகிறவனிடம் இப்படிப் பேசலாமா என்று கோபம்கூட வந்தது. அன்று மதிய ஷிப்ட் ஓட்டம் முழுக்க அதே நினைப்பு. எத்தனை வாசல்களில் அந்தச் சிவப்பு எழுத்தோடு போய் நின்றிருக்கிறோம்! ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஓசி வண்டியில் ஏறுகிறவர் எப்படிச் சொல்வார்?

அழிப்பது லேசான காரியமும் இல்லை. அவரை வாடகைக்கு வைத்திருக்கும் ஒப்பந்த நிறுவனத்து மேலாளர், எழுத்து தெரியும்படி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார். சுரங்க நிர்வாகத்திடம் அதைக் காட்டி அடுத்த ஆண்டும் ஷிப்ட் ஓட்டத்தை வாங்கித் தருவதாகப் பேச்சு. போட்டோ எடுக்கப் போன குழந்தைவேல் போனை உயர்த்தினார். திரை முழுக்க அந்தச் சிவப்பு எழுத்துதான். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெயும் பிளேடும் எடுத்துவந்து உட்கார்ந்தார். பேரும் எண்ணும் மட்டும்தான் மிஞ்சின.

"போட்டோ எங்கப்பா?" என்று மேலாளர் கேட்டபோது, "எழுத்து போயிடுச்சுங்க சார்" என்றார். அடுத்த ஆண்டு ஓட்டம் கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை. "கெடைச்சா நல்லதுங்க. யாவாரம் வேணாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா?" என்கிறார்.

அடுத்த நடையில் வேன் சிவப்பிரகாசத்தின் வாசலிலேயே போய் நின்றது. எதிர்வீட்டுப் பெண் வாசல் பெருக்குவதை நிறுத்திவிட்டு, "காலையிலயே வண்டி வெச்சிக்கினு எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள். சிவப்பிரகாசம் கையிலிருந்த பையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கடலூருக்குங்க, பெரிய கிரைண்டர் பாக்க. இவங்க மாவு பத்தலயாமே!" என்றார் குழந்தைவேல். போர்வையும் தண்ணீர் பாட்டிலும் ஆஸ்பத்திரிக் காகிதங்களுமாகக் கனத்த பையைச் சிவப்பிரகாசத்தின் கையிலிருந்து வாங்கி, ஒன்றுமில்லாத பைபோல ஒற்றை விரலில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே போய், வேன் கதவைத் திறந்தார்.