குருவிகுளம் பஸ்சில் ஓர் ‘அட்ஜஸ்ட்’

குருவிகுளம் டவுன் பஸ்சில் ஒருநாள் புருஷனும் பெண்டாட்டியும் பிரியப் பார்த்தார்கள். அப்போது நான் அதில் கண்டக்டர். விசிலுக்கு அடுத்தபடி எங்கள் தொழில் ஓடுவது ‘அட்ஜஸ்ட்’ என்ற ஒரு சொல்லில். நின்றபடியே ஊர் போய்ச் சேருகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாத்தியார் எடுத்த பாடம்

சங்கரன்கோவிலில் ஏறும் இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர். மூணு பேர் சீட்டில் நாலாவதாகத் தொங்கிக்கொண்டிருந்தார். “அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்” என்றேன். அந்த நிலையிலும் பாடம் எடுத்தார். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொல்லாம். பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என்பதுதான் பழைய பொருளாம். சரிக்கட்டுவது, பொறுத்துப்போவது எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை.

“அப்ப நான் சரியாத்தான சொல்லுதேன்?”

“சொல்லு சரிதான் அண்ணாச்சி. இடந்தான் இல்ல.”

ரெண்டு டிக்கெட்

அடுத்த வாரம் சங்கரன்கோவிலில் ஒரு பெண் பெரிய பையோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அழுத முகம். வண்டி நகரும்போது ஒருவன் ஓடிவந்து தொற்றினான்.

“குருவிகுளம் ரெண்டு. அவளுக்கும் சேத்து.”

டவுன் பஸ்சில் பெண்களுக்குக் காசு கிடையாது என்பது துபாயிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவள் புருஷனுக்கு எப்படித் தெரியும்? பஸ்சே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போகிறாளாம், இனித் திரும்பமாட்டாளாம். எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள். எனக்குப் பொறுமை குறைவு. “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா” என்றேன்.

“அவரு துபாய்ல இருந்த காலமெல்லாம் அவுக அம்மைகிட்ட அதத்தான் பண்ணுனேன். இனி அவரு பண்ணட்டும் அண்ணாச்சி.”

மூட்டைக்கு ஒரு சீட்

அவன் தயார்தான். ஊர் வருவதற்குள் பேசியாக வேண்டும். ஆனால் அவள் பக்கத்து இருக்கையில் மல்லிகைப்பூ மூட்டை. பூ நசுங்கக் கூடாது என்று அதை உட்காரவைத்துவிட்டு பூக்காரி நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்துக்கு மேலே எம்பி, “தனி வீடு பாத்துட்டேன்” என்றான் அவன். “அவளுக்குக் கேக்கலியாம்லே, சத்தமா சொல்லு” என்றது பின்சீட்டு.

“எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்று கத்தினேன். ஒருத்தரும் அசையவில்லை. பூக்காரி மூட்டையைத் தூக்கி, என் சீட்டில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தாள். அவனைப் பார்த்து, போய் இரு என்று தலையை ஆட்டினாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

“ஊரையெல்லாம் நகரச் சொல்லுதீரே, நீரு ஒருநாளாவது நகந்திருக்கீரா? அமுக்காம பிடியும்.”

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தான். குருவிகுளத்தில் அந்த ரெண்டு பேரும் இறங்காமல் அதே சீட்டில் சங்கரன்கோவிலுக்கே திரும்பினார்கள். நான் விசில் ஊதியதோடு சரி, காரியத்தை முடித்தவள் பூக்காரி செல்லத்தாய்.